மாரநாதா கோயிலில் ஒரு ஞாயிறு

போன அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ப்ளெயின்ஸ் போய் வந்தேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும். அறுநூறு பேர்கூட இல்லாத ஊர். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் ஊர் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். நாங்கள் போனது அவர் மனைவி ரோசலினுக்காக.

ரோசலின் 1927 ஆகஸ்ட் 18 அன்று அந்த ஊரில் பிறந்தார். 2023 நவம்பர் 19 அன்று அதே ஊரில், தன் வீட்டில் கண்ணை மூடினார். 96 வயது. கணவரோடு 77 வருட வாழ்க்கை. 4 பிள்ளைகள், 11 பேரப்பிள்ளைகள், 14 கொள்ளுப்பேரப்பிள்ளைகள். வெள்ளை மாளிகையில் இருந்துவிட்டு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர்க் கோயிலில் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. அம்மா தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்திருந்த நேரம் அது கைகூடியது.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பிய பிறகு இரண்டு பக்கமும் செம்மண். அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம தேரி மண்ணுல்லா!" என்றாள். கடலை அறுவடைக் காலம். செடிகளைப் பிடுங்கி, வேர் மேலே இருக்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்து, வயல் நீளத்துக்கும் வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். பச்சைக் கடலையும் ஈர மண்ணும் சேர்ந்த வாசம் காருக்குள் வந்தது. அதைத் தாண்டினால் பருத்தி. வெடித்து நிற்கிற பருத்திக் காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை.

அந்தப் பருத்தியைப் பார்த்ததும்தான் அம்மாவிடம் ஆலைப் பெண்ணின் கதையைச் சொன்னேன்.

கணவர் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது ரோசலின் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார். ஒருநாள் விடிகாலை நாலரை மணிக்கு ஒரு பஞ்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து ஒரு பெண் வெளியே வந்தாள். தலைமுடி, உடுப்பு எல்லாம் பஞ்சுத் தூசி. "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குவீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ரோசலின். அந்தப் பெண் சொன்ன பதில்: வீட்டில் மனநோயுள்ள மகள் இருக்கிறாள், கணவர் சம்பளம் போதவில்லை, அதனால் இரவில் இவள் வேலைக்கு வருகிறாள். அப்புறம் எங்கே தூக்கம்?

ரோசலினால் அந்த முகத்தை மறக்க முடியவில்லை. கணவர் பேசவிருந்த ஒரு கூட்டத்துக்குப் போய், கை குலுக்க நின்ற வரிசையில் தானும் போய் நின்றார். யாரென்று கவனிக்காமலே கணவர் இவர் கையைப் பிடித்தார். "நீங்கள் கவர்னர் ஆனால் மனநோயாளிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார் ரோசலின். "இந்த நாட்டிலேயே சிறந்த ஏற்பாட்டைச் செய்வோம், பொறுப்பை உன்னிடம் தருவேன்" என்றாராம் அவர்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு வந்தது. முதல் இரண்டு வருடம் வைத்தியமே பார்க்கவில்லை. பிசாசின் கட்டு என்று ஒருவர் சொன்னார். பரம்பரைச் சாபம் என்று இன்னொருவர். உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம். மருந்து ஆரம்பித்து அவன் தேறிய பிறகும், கோயிலில் யாராவது கேட்டால் அம்மா "அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றே சொல்வாள். பதினெட்டு வருடமாக அதே வார்த்தை. அவளை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ப்ளெயின்ஸ் கடைத்தெரு ஒரே வரிசைக் கட்டடம். பழைய ரயில் நிலையம், கார்ட்டர் படித்த பள்ளிக்கூடம், சிரிக்கிற கடலைப் பொம்மை எல்லாம் பார்க்கலாம். நாங்கள் நிற்காமல் கோயிலுக்குப் போய்விட்டோம்.

மாரநாதா பாப்டிஸ்ட் சபை. "கர்த்தர் வருகிறார்" என்று அர்த்தம். 1 கொரிந்தியர் கடைசி அதிகாரத்தில் பவுல் எழுதிய அதே வார்த்தை. செங்கல் கட்டடம், வெள்ளைக் கோபுரம். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனாள். "இங்கே வேண்டாம்மா" என்றேன். மனசில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

இந்தச் சபை பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் அதற்கு முன்பே ஒரு பாப்டிஸ்ட் சபை இருந்தது. 1976 தேர்தல் நேரத்தில் ஒரு கறுப்பினப் போதகர் அங்கே ஆராதனைக்கு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. கறுப்பினத்தாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் சபை உடைந்தது. எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்றவர்கள் 1977இல் தனியாகப் பிரிந்து தொடங்கியதுதான் மாரநாதா. 1981இல் வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்பிய கார்ட்டரும் ரோசலினும் இங்கே சேர்ந்தார்கள். சாதிக்கொரு தெரு, தெருவுக்கொரு கோயில் என்று பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த வாசல்படியில் கால் வைக்கும்போது நெஞ்சு நடுங்கியது.

ரோசலின் பிறப்பால் மெதடிஸ்ட். 1946 ஜூலை 7 அன்று கல்யாணம் நடந்ததும் ஊர் மெதடிஸ்ட் கோயிலில்தான். பிறகு கணவரோடு பாப்டிஸ்ட் ஆனார். இந்த மாரநாதாவில் அவர் டீக்கனாகவும், அதாவது சபை ஊழியக்காரியாகவும் இருந்தார். பெண்கள் மனைவியாகக் கீழ்ப்படிய வேண்டும், போதகராகக் கூடாது என்று தெற்கு பாப்டிஸ்ட் சங்கம் தீர்மானம் போட்டபோது, 2000இல் கார்ட்டர் அந்தச் சங்கத்தோடு இருந்த உறவை முறித்துக்கொண்டார். "கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு ஊழியக்காரியாகிய பெபேயாள்" என்று ரோமர் பதினாறில் வாசிக்கிறோமே, அந்த ஊழியக்காரி என்ற வார்த்தைக்கு ஒரு உருவம் கொடுக்கச் சொன்னால் நான் ரோசலினைத்தான் காட்டுவேன். டீக்கன் என்றால் அங்கி போட்டுக்கொண்டு நிற்பது மட்டுமா? கணவர் கோயில் வளாகத்தில் புல் வெட்டுவாராம், இவர் கழிப்பறை கழுவுவாராம். அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவும் முப்பது வருடம் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயிலைக் கூட்டி, பாயை உதறிப் போட்டவள்.

உள்ளே போய் நடு பெஞ்சில் உட்கார்ந்தோம். சின்ன இடம். பிரசங்க மேடைக்குப் பின்னால் மரச் சிலுவை. கார்ட்டர் தன் பட்டறையில் செய்தது. காணிக்கைத் தட்டும் அவர் கடைந்ததே. தட்டு எங்களிடம் வந்தபோது அம்மா காணிக்கையைப் போட்டுவிட்டு, விளிம்பை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுத்தாள். வழுவழுவென்றிருந்தது.

கார்ட்டர் பல வருடம் இங்கே ஞாயிறு வேதபாடம் நடத்தினார். அதைக் கேட்க உலகம் முழுவதிலிருந்தும் வந்து விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். பாடம், ஆராதனை எல்லாம் முடிந்த பிறகு இருவரும் பொறுமையாக உட்கார்ந்து வந்தவர்கள் ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் கூட்டம் இல்லை. ஊர்க்காரர்கள், எங்களைப் போல நாலைந்து வெளியூர்க்காரர்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. 2023 நவம்பர் 29 அன்று ரோசலினின் அடக்க ஆராதனை இதே கூரைக்குக் கீழேதான் நடந்தது. 99 வயதுக் கணவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அடுத்த வருடம் டிசம்பரில், நூறு வயது முடிந்து, அவரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் தங்கள் வீட்டு நிலத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. வார்த்தை இங்கிலீஷ், ராகம் எங்கள் பாமாலை ராகம். அம்மா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடித் தமிழில் பாடினாள். முன் பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஜெபத்துக்கு முன்னால் போதகர், யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று கேட்டார். ஒருவர் எழுந்து மனைவியின் இடுப்பு எலும்பு ஆபரேஷனைச் சொன்னார். இன்னொருவர் மழையைச் சொன்னார். கடலை காய வேண்டுமே. நான் தலை குனிந்திருந்தேன். பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா எழுந்து நிற்கிறாள்.

"ஏட்டி, நான் சொல்லுதத அவங்களுக்குச் சொல்லு" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எங்கள் ஊர்க் கோயிலில் சாட்சி சொல்வது போலவே சத்தமாகச் சொன்னாள்: "எனக்கு ஒரு மகன் இருக்கான். அவனுக்கு மனநோய். பதினெட்டு வருசமா இருக்கு. இப்ப மருந்து சாப்பிட்டு நல்லா இருக்கான், கடைக்கு வேலைக்குப் போறான். நான் செத்ததுக்கப்புறம் அவனை யாரு பாப்பான்னுதான் எனக்குக் கவலை. அவனுக்காக ஜெபம் பண்ணுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன். தம்பியின் பெயரைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டார் போதகர். அதற்குப் பிறகே ஜெபம் செய்தார். அந்தப் பெயரை ஒரு கோயிலில், அந்த நோயோடு சேர்த்து, வெளிச்சத்தில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் அம்மாவின் கவலை ரோசலினுக்குத் தெரியாத கவலை அல்ல. பதிமூன்று வயதில் அப்பாவை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தையல் தைத்துக் குடும்பம் நடத்திய தாய்க்குக் கை கொடுத்து, கூடப்பிறந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டவர். 1979இல் மனநலத்துக்காகச் செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். அந்த முயற்சியில் வந்த 1980ஆம் வருட மனநலச் சட்டத்தை அடுத்த ஆட்சி முடக்கியபோது ஓய்ந்துபோகவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1987இல் பக்கத்து ஊரான அமெரிக்கஸில் தான் படித்த கல்லூரியிலேயே ஒரு நிலையம் தொடங்கினார். உலகத்தில் நாலு விதமானவர்கள்தான் என்று சொல்வார்: பிறரைக் கவனித்துக்கொண்டவர், கவனிக்கிறவர், இனிமேல் கவனிக்கப் போகிறவர், கவனிப்பு தேவைப்படப் போகிறவர். கடைசியில் அவருக்கே மறதி நோய் வந்தது. 2023 மே மாதம் குடும்பத்தார் அதை ஒளிக்காமல் அறிவித்தார்கள். கணவனும் மனைவியும் தினமும் இரவு ஒன்றாக வேதம் வாசிப்பவர்கள். மொழி பழகுவதற்காக ஸ்பானிய வேதாகமத்தை வாசிப்பார்களாம். அந்தக் கடைசி மாதங்களில் அந்த வீட்டில் இரவு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

ஆராதனை முடிந்ததும் அந்த முன் பெஞ்சு அம்மா எங்களிடம் வந்தார். என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தன் அண்ணன் மகளுக்கும் இதே நோய் என்றார். ஒருத்தி தமிழ், இன்னொருத்தி ஜார்ஜியா இங்கிலீஷ். நான் பேசி முடிப்பதற்குள் இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். புறப்படும்போது அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த கடலையை எடுத்து அம்மா மடியில் வைத்தார்.

காரில் ஏறியதும் அம்மா போனைக் கேட்டாள். நம் ஊரில் ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். தம்பி உடனே எடுத்துவிட்டான். வழக்கமாக அந்தக் கேள்வியை அம்மா வாயருகே கையை வைத்து மெதுவாகக் கேட்பாள். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ஆட்கள் நின்றார்கள். "ராத்திரி மாத்திரை போட்டியாப்பா?" என்று நன்றாகக் கேட்டாள்.

அவன் போட்டுவிட்டேன் என்றான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான்.

"ஒரு கோயிலுக்கு வந்தோம்ல. உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுனாவ. இங்கயும் கடலை காயப் போட்டிருக்காவ, பாரு" என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.