முதுகில் நீர் எடுக்கச் சம்மதித்த இரவு

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊரைச் சுற்றி நடவு முடிந்து வயல்களில் நீர் நிறைந்திருந்த ஐப்பசி மாதத்தில், ஏழு வயதான என் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழைக்காலக் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து வந்தோம். மூன்றாம் நாள் வாந்தியெடுத்தான். கழுத்தைக் குனிக்க முடியாமல் அழுதான். விடியற்காலையில் என்னைப் பார்த்து யாரென்று தெரியாமல் விழித்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே வலிப்பு வந்துவிட்டது.

முதுகிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டபோது, கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து என் தகப்பனார் தடுத்தார். நானும் கையெழுத்துப் போடாமல் இரவு வரை தள்ளிப்போட்டேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. பணியிலிருந்த மருத்துவர் அம்மா ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து, தண்டுவடம் முடிந்துவிடும் இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்கும் என்று பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தேன். சிறு குப்பியில் சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் தெளிவாகவே இருந்தது. பாக்டீரியாவாகவோ ஹெர்பெஸ் வைரஸாகவோ இருக்கக்கூடும் என்பதால் அவற்றுக்கான மருந்துகளை முன்பே தொடங்கியிருந்தார்கள். சில நாள்களில் வந்த முடிவு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றது.

பெயர் ஜப்பானுடையது என்றாலும், இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில்தான் என்று அந்த மருத்துவர் அம்மா சொன்னார். வைரஸை அழிக்கும் மருந்து கிடையாது என்பதால், மூளை வீக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து, மூக்குக் குழாய் வழியே உணவு, புண் வராமல் உடலைத் திருப்பிப் படுக்க வைத்தல் என்றே நாள்கள் கழிந்தன.

பின்னர் ஊருக்கு வந்த சுகாதாரத் துறையினர் பன்றிகளைப் பற்றியே முதலில் விசாரித்தார்கள். கொக்கு, மடையான் போன்ற பறவைகளிடமிருந்து, வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு வைரஸை எடுத்துவந்து பன்றியைக் கடித்தால், பன்றியின் இரத்தத்தில் அது பன்மடங்காகப் பெருகி மற்ற கொசுக்களுக்கும் தொற்றுகிறதாம். எங்கள் மாட்டுக்கொட்டகையைக் காட்டிப் பயத்தோடு கேட்டேன். மாட்டின் உடலில் வைரஸ் அப்படிப் பெருகுவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவாது என்றார்கள். அதன் பிறகே மகன் பக்கத்தில் அவன் தங்கையை உட்காரவிட்டேன்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். இந்நோய்க்கான தடுப்பூசியில், ஒன்பது மாதத்தில் போட்ட முதல் தவணை பதிவாகியிருந்தது. ஒன்றரை வயதில் போட வேண்டிய இரண்டாம் தவணைக்கான கட்டம் காலியாக இருந்தது. அப்போது வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூரில் இருந்தோம். மகளுக்கு இரண்டு தவணைகளும் போட்டாயிற்று.

ஐந்து மாத இயன்முறைப் பயிற்சிக்குப் பிறகு மகன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். தம்ளரை வலக்கையால் தூக்கும்போது நடுக்கத்தில் பாதி நீர் சிந்துகிறது. இடக்கையை அடியில் கொடுத்துக்கொண்டு மீதியைத் தானே குடிக்கிறான்.