அடுத்த இதழைத் தேடி

1933 ஜூலையில் ஜார்ஜ் ஸ்பைசரும் அவர் மனைவியும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கரைச் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு பிராணி குறுக்கே கடந்துபோனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் 'இன்வெர்னஸ் கூரியர்' பத்திரிகையில் வந்த அவரது கடிதத்தில் அதன் நீளம் 6 முதல் 8 அடி. பிற்பாடு அவரே சொன்ன விவரங்களில் அது 25 அடி, 30 அடி என்று வளர்ந்துவிட்டது. அவர்கள் பார்த்தது என்ன என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதலில் அச்சேறியது எது, அது எப்போது மாறியது என்று தெரியாமல் இந்த மாதிரி விஷயங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி.

'நெஸ்ஸி' என்று பெயர்பெற்ற அந்த ஏரிப் பிராணிக்குப் பத்திரிகை இருந்தது. காட்டுப் பாதையில் எதையோ பார்த்துவிட்டு, ஊரார் கேலி செய்வார்களே என்று வாயை மூடிக்கொண்டவர்களுக்கு அது இல்லை. அவர்களில் பலர் கடைசியில் மனசைத் திறந்தது, இந்த மாதிரிப் பிராணிகளைத் தேடும் ஆர்வலர்கள் நடத்திய செய்திமடல்களுக்கு எழுதிய கடிதங்களில்தான். அந்தச் செய்திமடல்களைத்தான் நான் தேடிச் சேர்க்கிறேன். வட அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும் மனிதக்குரங்கு மாதிரியான பிராணிக்குப் பெயர் பிக்ஃபுட். அதற்காக ஜார்ஜ் ஹாஸ் 1969-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து 'பிக்ஃபுட் புல்லட்டின்' நடத்தத் தொடங்கினார். ஓரிகனிலிருந்து பீட்டர் பர்ன் 1970-களில் 'பிக்ஃபுட் நியூஸ்' கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ரிப் ஹெப்பிள் 1974-இல் தொடங்கிய 'நெஸ்லெட்டர்' பல்லாண்டுகள் ஓடியது. 1982-இல் அமைந்த பன்னாட்டு கிரிப்டோசூவாலஜி (அறிவியல் இன்னும் ஏற்காத விலங்குகளைத் தேடும் துறை) சங்கம், விலங்கியலாளர் பெர்னார்ட் ஹூவெல்மான்ஸைத் தலைவராகக் கொண்டு, தன் செய்திமடலையும் ஓர் ஆய்விதழையும் வெளியிட்டது. அந்தச் சங்கத்தின் சின்னம் ஒகாபி. 1901 வரை அறிவியலுக்கே தெரியாமல் காங்கோ காட்டில் இருந்த விலங்கு அது. இதைவிடப் பொருத்தமான சின்னம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

இந்தச் செய்திமடல்களைத் தேடும்போது முதலில் விட்டுவிட வேண்டியது இதழின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை. பெயர் மாறிக்கொண்டே இருக்கும். விநோத நிகழ்வுகளுக்கென்றே நடக்கும், இன்று 'ஃபோர்ட்டியன் டைம்ஸ்' என்று அறியப்படும் பத்திரிகை, 1973-இல் பாப் ரிக்கார்ட் தொடங்கியபோது வெறும் 'தி நியூஸ்'. 1976-இல்தான் பெயர் மாறியது. அந்த ஆரம்ப இதழ்களை 'தி நியூஸ்' என்று தேடிப் பாருங்கள், உலகத்துச் செய்தித்தாள் எல்லாம் வந்து நிற்கும். ஆசிரியர் பெயர், ஊர், தபால் பெட்டி எண், இவைதான் நிலையாக இருப்பவை. நூலகப் பட்டியல்களிலும் பாதிச் செய்திமடல்கள் பருவ இதழ்கள் பிரிவில் இருக்காது. யாரோ ஒருவர் கொடுத்த சொந்தக் காகிதங்களுக்குள், 'பெட்டி 4, உறை 11: பலவகை' என்ற ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் 'பலவகை'யைப் பார்த்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும்.

1973-இல் தொடங்கி, இப்போது ஸ்வீடனின் நார்ஷாப்பிங்கில் இயங்கிவரும் ஆவணக் காப்பகம் இந்தத் துறைக்கு ஒரு வரம். பறக்கும் தட்டிலிருந்து ஏரிப் பூதம் வரை எல்லாவற்றையும் அவர்கள் சேர்க்கிறார்கள், முடிந்தவற்றை ஸ்கேனும் செய்து தருகிறார்கள். அங்கேயும் இல்லாதவற்றுக்கு நான் கையாளும் வழி, செய்திமடல்களின் கடைசிப் பக்கம். ஆசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களைப் பரிமாறிக்கொண்டு, வந்து சேர்ந்தவற்றின் பெயர்களை அங்கே போட்டிருப்பார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத இதழ்கள் அந்தப் பொடி எழுத்தில்தான் முதன்முதலாக என் கண்ணில் பட்டிருக்கின்றன.

என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க இதழ், தேதி போடவில்லை. சைக்ளோஸ்டைல் செய்த நான்கு தாள்கள், மூன்றாக மடித்து, உறை இல்லாமல் அப்படியே ஸ்டேப்ளர் பின் அடித்துத் தபாலில் போட்டிருக்கிறார்கள். பின் துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பு வளையம். தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கில 'e' எழுத்தின் வயிறு அடைத்துப்போய் எல்லா இடத்திலும் கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கிறது. தபால் முத்திரையில் மாதம் மட்டும் தெரிகிறது, ஆண்டு அழிந்துவிட்டது. ஆனால் ஒட்டியிருப்பது 8 சென்ட் தலை. முதல் வகுப்புக் கடிதத்துக்கு 8 சென்ட் என்பது 1971 மே முதல் 1974 மார்ச் தொடக்கம் வரைதான். மற்ற அமெரிக்க இதழ்களில் முகவரியையும் பார்க்கலாம். 1963-இல் வந்த ஜிப் எண் (அமெரிக்கப் பின்கோடு) இல்லாவிட்டால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டன் இதழ் என்றால் விலையைப் பார்க்கலாம். ஷில்லிங்கில் மட்டும் போட்டிருந்தால் அநேகமாக 1971 பிப்ரவரிக்கு முந்தையது. இப்படித் தேதியைப் பிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கடிதத்தை அந்த வட்டார நாளிதழோடு ஒப்பிடலாம்.

நான் சொன்ன அந்த அமெரிக்க இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் கடிதம் இருந்தது. சாலையோரப் பலகையைவிட உயரமான உருவம் ஒன்று ஹெட்லைட் வெளிச்சத்தில் நின்றதாக எழுதியிருந்தார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். இதோடு விட்டிருந்தால் நானும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பேன். அடுத்த இதழ் வேறொருவரின் சேகரிப்பிலிருந்து ஸ்கேனாக வெகுநாள் கழித்து வந்து சேர்ந்தது. அதில் ஆசிரியர் தானே அந்த இடத்துக்கு அளவு நாடாவோடு போய்ப் பலகையை அளந்திருக்கிறார். நாம் நினைப்பதைவிடப் பலகை குட்டையானது, ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதை ஒளிக்காமல், ஓட்டுநரையும் மட்டம் தட்டாமல், இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வரிக்காக அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அதனால்தான் ஒற்றை இதழ் கிடைத்தால் எனக்குப் போதாது. ஏலத்தில் பெரும்பாலும் முதல் இதழுக்குத்தான் அடிதடி நடக்கும். எனக்கு வேண்டியது வரிசை. திருத்தம், மறுப்பு, 'அது என் மைத்துனன் செய்த வேலை' என்று வரும் வெட்கமான கடிதம், எல்லாமே பிந்தைய இதழ்களில்தான் இருக்கும். அவற்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

ஒரு கூச்சமும் உண்டு. சில இதழ்களில் சாட்சியின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும். சில பேருக்கு அனுப்பிய தாளில் அச்சிட அவர்கள் சம்மதித்தார்கள், உலகம் முழுக்கத் தேடிப் படிக்கும் பிடிஎஃபுக்கு இல்லை. நான் பகிரும் நகல்களில் முகவரியை மறைத்துவிடுவேன், மூலத்தைத் தொடமாட்டேன்.

யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒரு கட்டு இருந்தால், பின்னை நிமிர்த்துகிறேன் என்று இழுக்காதீர்கள், தாள் கிழிந்துவிடும். ஊதா மை நகல்களை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், வெளுத்துப்போகும். ஸ்கேன் செய்யும்போது வெற்றுப் பக்கத்தையும் மடிப்பின் வெளிப்புறத்தையும் சேர்த்தே எடுங்கள். தபால் தலையும் முத்திரையும் அங்கேதான் இருக்கின்றன.