ஜிப் நிரலகத்தில் ஓர் ஓட்டை: அடைத்து முடித்த அனுபவம்

ஜிப் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் திறமூல நிரலகம் (பிற செயலிகள் தமக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றைச் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ஆய்வாளர் ஒருவர், நிரலை நாங்கள் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் ரகசியப் புகார் வசதி வழியாக எழுதியிருந்தார். அந்த வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் புகார் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

ஜிப்புக்குள் இருக்கும் கோப்பின் பெயரில் இரண்டு புள்ளிகளும் சாய்கோடும் இருந்தால், அது மேல் கோப்புறைக்கு ஏறி, நாம் சொல்லாத இடத்தில் எழுதப்பட்டுவிடும். 2018-இல் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரில் பல நிரலகங்களில் அம்பலமான குறைபாடு இது. அந்த வழியை நாங்கள் அடைத்திருந்தோம். ஆய்வாளர் கண்டுபிடித்தது வேறு வழி: வெளிக் கோப்புறையைச் சுட்டும் இணைப்பு (சிம்லிங்க்) ஒன்றை முதலில் இறக்கி, அடுத்த கோப்பை அதன் வழியே வெளியே எழுதுவது. அருமையான கண்டுபிடிப்பு.

திருத்தம் சில வரிகள்தான். அதை ரகசியமாகச் சோதிப்பதில்தான் சிரமம். வெளியார் பார்க்க முடியாதபடி கிட்ஹப் தரும் தற்காலிகத் தனிப் பிரதியில் தானியங்கிச் சோதனைகள் ஓடவில்லை. லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று பிரித்துக்கொண்டு அவரவர் கணினியிலேயே ஓட்டினோம். பலர் இன்னும் விடாத பழைய பதிப்புக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அடுத்தது ஓட்டை எவ்வளவு தீவிரமானது என்று மதிப்பெண் போடுவது. 'பயனர் தரும் ஜிப்பைப் பிரிக்காத செயலிக்கு இதனால் ஆபத்தே இல்லையே, மதிப்பெண்ணைக் குறைக்கலாம்' என்றார் ஒரு நண்பர். ஆனால் நிரலகத்தை யார் எங்கே பயன்படுத்துவார்கள் என்பது நமக்குத் தெரியாது. நடக்கக்கூடிய மோசமான பயன்பாட்டை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று, இந்த மதிப்பெண்ணுக்கான பொது முறையான சிவிஎஸ்எஸ்-இன் வழிகாட்டியே சொல்கிறது. அதன்படியே போட்டோம். பாதிப்பைச் சிறிதாகக் காட்டும் ஆசைக்கு எந்தத் திட்டமும் இடம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம்மை நம்பி நிரலை எடுத்தவர்கள் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இன்றே மேம்படுத்துவதா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்ணான சிவிஇ-யை வழங்கும் அதிகாரம் கிட்ஹப்புக்கும் உண்டு என்பதால், அங்கே எழுதிய வரைவுப் பாதுகாப்பு அறிவிப்பிலிருந்தே கேட்டு வாங்கினோம். வெளியீட்டு நாளை ஆய்வாளரோடு பேசி முடிவு செய்தோம். திறமூலத்தில் திருத்தத்தைப் பொதுவில் வைத்த நொடியே ஓட்டையும் வெளியாகிவிடுகிறது. மாற்றிய வரிகளைப் படித்தே தாக்குதலை எழுதிவிடலாம். எனவே திருத்தத்தைப் பொது நிரலில் சேர்ப்பது, இரண்டு புதிய பதிப்புகள், அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்தோம்.

அறிவிப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது பாதிக்கப்பட்ட பதிப்புகளின் எல்லையில். ஓட்டையுள்ள நிரலகத்தைப் பயன்படுத்துவோருக்குத் தகவல் சொல்லும் டிபெண்டபாட் போன்ற கருவிகள் அதை வைத்துத்தான் எச்சரிக்கின்றன. எல்லை தவறினால் ஆபத்தில் இருப்பவருக்குச் செய்தியே போகாது. ஆய்வாளரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் சேர்த்தோம். உடனே மேம்படுத்த முடியாதவர்களுக்காக, சிம்லிங்க் இணைப்புகளைப் பிரித்தெடுக்காமல் தவிர்க்கும் அமைப்பையும் (செட்டிங்) அறிவிப்பில் எழுதினோம். பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பைப் பற்றியவைதான்.