தொப்பி கழன்றால் செய்தி முடிந்தது

பேக்கரியில் பன் மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் செல்லுக்குள் நடக்கும் ஒரு வேலை என்னை விடவே மாட்டேன் என்கிறது.

புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் ஒரு முனையில் வேதித் தொப்பி இருக்கும். மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறிய குவானோசின் என்ற ஆர்என்ஏ எழுத்துதான் அது; மூன்று பாஸ்பேட் வழியாகத் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. அந்த முனையிலிருந்து ஆர்என்ஏவை அரித்துத் தின்னும் எக்ஸ்ஆர்என்1 நொதியால் அதனால்தான் உள்ளே நுழைய முடிவதில்லை.

சரி, செய்தி தேவையில்லாமல் போனால்? பெரும்பாலும் முதலில் மறுமுனையில் அடினைன் என்ற எழுத்தே வரிசையாக நீளும் வால் குட்டையாகும். அப்புறம் டிசிபி2 நொதி வந்து தொப்பியைப் பிடித்திருக்கும் பாஸ்பேட் பிணைப்பை வெட்டும்; தொப்பி கழன்றுவிடும். வெட்டியபின் ஆர்என்ஏ முனையில் மிஞ்சுவது ஒரே ஒரு பாஸ்பேட். எக்ஸ்ஆர்என்1 தேடுவதும் அந்த ஒற்றைப் பாஸ்பேட்டைத்தான்! என்ன ஒரு பொருத்தம்!

டிசிபி2 தனியாக இருந்தால் மந்தம். டிசிபி1 என்ற துணைப் புரதம் ஒட்டிக்கொண்டு, இடிசி எனப்படும் ஊக்குவிப்புப் புரதங்களும் துணைக்கு வந்தால்தான் சரியான வடிவத்துக்கு மடங்கி வேகம் பிடிக்கும். கண்ட ஆர்என்ஏவையெல்லாம் வெட்டித் தள்ளாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு அவசியம்.

காரைக்குடியில் எங்கள் ஆச்சி கேட்டார்கள்: “பன்னுக்குப் போடுற பொடிக்கா தாயி இம்புட்டுப் படிப்பு?”

“டிசிபி2 நம்ம உடம்புலயும் இருக்கு ஆச்சி” என்றேன். முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், நிறையப் பேசலாம்.