சால்டரிங் அயர்ன் இருக்கிற வீடு

வீட்டில் சின்னதாக ஓர் எலக்ட்ரானிக்ஸ் லேப் போட 2,000 ரூபாய் போதும். அந்தச் சேதி தெருவுக்குப் போகாமல் காப்பாற்றத்தான் எவ்வளவு செலவழித்தாலும் போதாது. கும்பகோணம், மாயவரம் பக்கம் ஜன்னல் வழியாக ஒரு வாரம் ஈயப் புகை வந்தாலே எதிர்வீட்டுப் பெரியம்மா கொசு பேட்டோடு திண்ணைக்கு வந்துவிடுவார். “தம்பி, இது அடிக்கவே மாட்டேங்குது, செத்த பாரேன்.” லேப் திறந்தாயிற்று என்று அர்த்தம்.

அதற்குள் கையில் இருக்க வேண்டியவை: வோல்டேஜும் கரண்டும் அளக்க மல்டிமீட்டர், ஈயத்தை உருக்கி ஒட்டும் அயர்ன், அதற்கு ஸ்டாண்டு, 50 கிராம் ஈயம், அது நன்றாகப் பிடிக்கக் கொஞ்சம் ஃப்ளக்ஸ், கட்டர், ஒட்டாமல் செருகிப் பார்க்க 830 ஓட்டை பிரெட்போர்டு ஒன்று. கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில் 220 ஓம், 1 கே, 10 கே, 100 கே தலா இருபது இருந்தால் முதல் ஆறு மாதம் ஓடும். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் கண்டென்சரில் 104 என்று எழுதிய செராமிக், 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட்; பிசி547 டிரான்சிஸ்டர், 1என்4007 டையோடு, இரண்டு 555 டைமர் ஐசி. இதற்காக உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டாம். போனால் 2,000 ரூபாய் கணக்கு எழும்பூரிலேயே முடிந்துவிடும்.

மீட்டருக்கு மஞ்சள் நிற டிடி830டி போதும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி கரண்ட் பார்த்துவிட்டு அப்படியே மறந்துபோய், மறுநாள் அதே வயரோடு பேட்டரியின் வோல்டேஜ் பார்ப்பதுதான் இந்த மீட்டர்கள் சாகும் வழி. மலிவு மாடல்களில் அந்த ஓட்டைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவந்தால் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். வீட்டு கரண்ட் 290 என்று காட்டினால், லைன்மேனைக் கூப்பிடும் முன் மீட்டருக்கு பேட்டரி மாற்றுங்கள்.

அயர்ன் விஷயத்தில்தான் டெல்டா தன் வேலையைக் காட்டும். அட்டையில் 25 வாட் என்று போட்டிருப்பது 230 வோல்ட் கணக்கு. குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் மும்முனை கரண்ட் வந்ததும் ஊரில் உள்ள போர் மோட்டார் அத்தனையும் ஒன்றாக ஓடும். வீட்டு லைன் 180க்கு இறங்கினால் உங்கள் அயர்ன் 15 வாட்தான், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். இதில் வில்லங்கம் என்னவென்றால் ஈயம் அப்போதும் உருகும். 60/40 ஈயத்துக்கு 190 டிகிரி போதுமே. போர்டில் ஈயம் பிடிக்க வேண்டிய செம்பு வட்டம், அதாவது பேடுதான் சூடேறாது. ஈயம் பேடில் பரவாமல் உருண்டையாக மேலே உட்காரும், சாம்பல் பூத்து மங்கலாகத் தெரியும், பார்த்தால் ஒட்டியதுபோல இருக்கும். ரேடியோவைத் தட்டினால் பாடும், விட்டால் நிற்கும். ஆட்கள் ஐசியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சீலிங் ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிற மாலையில் அயர்னைத் தொடாதீர்கள். வயர் சீவுங்கள், ரெசிஸ்டரைத் தரம் பிரித்து வையுங்கள். இல்லையென்றால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் 60 வாட் அயர்ன் வாங்குங்கள். எதுவானாலும் முனையைப் பேடிலும் கம்பியிலும் சேர்த்து வைத்து இரண்டு வினாடி பொறுத்து, ஈயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

ஃபேன் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். கத்தரி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒருவன் புகையில் உட்கார்ந்திருப்பதை எந்த அம்மாவும் பொறுக்க மாட்டார். ஐந்தில் வைத்துவிட்டுப் போவார். பேடு ஆறும், 104 எல்லாம் கூடத்துக்குப் பறக்கும். பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேனை ஓரமாக, புகையை ஜன்னல் பக்கம் இழுக்கிற மாதிரி நிறுத்திவிட்டால் வீட்டில் சமாதானம். ஒட்டிய சாமானின் கம்பிக்கால் வெட்டும்போது விரலால் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். பறந்த துண்டு எங்கே போனது என்று மறுநாள் காலை அத்தையின் பாதம் சொல்லும். துண்டு சிதறாமலிருக்க எவர்சில்வர் தாம்பாளத்தில் போர்டை வைக்கும் புத்திசாலிகளும் உண்டு. கரண்ட் கொடுத்ததும் தாம்பாளம் எல்லா இணைப்பையும் ஒன்றாக்கிவிடும். பிளாஸ்டிக் தட்டு நல்லது.

பவர் சப்ளைக்குக் காசு செலவழிக்காதீர்கள். கேபிள் டிவி பாக்ஸ் கெட்டுப்போன வீட்டிலெல்லாம் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று சும்மா கிடக்கும். அதோடு வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் எல்எம்2596 மாட்யூல் சேர்த்தால் 12க்குக் கீழே வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். மாட்யூலில் உள்ள நீலப் பெட்டித் திருகை முதல் பத்துச் சுற்று சுற்றினாலும் சில சமயம் எள்ளளவு மாற்றம் இருக்காது. கெட்டது என்று தூக்கிப் போடாமல் இடப்பக்கமாக இன்னும் சுற்றுங்கள். எதையும் இணைக்கும் முன் மீட்டரில் பார்த்து வைத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது அது 11 வோல்ட்டில் நின்றிருக்கலாம். 5 வோல்ட் சாமான் அதைத் தாங்காது. அடாப்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவே பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரியும், 0.8 ஆம்பியருக்கு மேல் போகாது. மற்ற நேரம் அது இருப்பதே தெரியாது. மெக்கானிக் கடையில் மிட்டாய் விலைக்குக் கிடைக்கும் இந்தப் பல்புதான் லேபிலேயே உருப்படியான சாமான் என்பது என் கட்சி.

இனி பெரியம்மாவின் கொசு பேட். திறக்கும் முன் பட்டனை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் நடு வலையையும் வெளி வலையையும் சேர்த்துத் தொடுங்கள். ‘சட்’ என்று ஒரு பொறி வரும். கண்டென்சரில் ஆயிரம் வோல்ட், அதற்கு மேலும்கூட மிச்சம் இருக்கும். சுவரில் செருகி சார்ஜ் போடும் பேட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கண்டென்சர் வழியாக 230 வோல்ட் நேரே உள்ளே வரும், ஆகவே சார்ஜில் இருக்கும்போது திறந்து நோண்டவே கூடாது. பழுது பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில்தான். அடைமழையில் எடுத்து, பொங்கலுக்குப் பின் பரணில் போட்டு, அடுத்த ஐப்பசியில் தேடினால் அது சல்பேட் பிடித்துச் செத்திருக்கும்.

இங்கேதான் ஒப்பந்தம் பேச வேண்டும்: சரியானால் உங்களுக்கு, ஆகாவிட்டால் எனக்கு. சரியாகாத பேட்டில் நான்கைந்து 1என்4007, ஒரு டி882 டிரான்சிஸ்டர், ஃபிலிம் கண்டென்சர், எல்இடி, ஸ்விட்ச் தேறும். எரியாத 9 வாட் எல்இடி பல்பில் அலுமினியத் தட்டு சூட்டை வாங்கும் ஹீட்சிங்காக உதவும். பழைய யுபிஎஸ் வந்தால் அன்றைக்குத் தீபாவளி. கழற்றியதைத் தகர டப்பாவில் கொட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் கால்கள் கறுத்துவிட்டால் ஈயம் ஒட்டாது. பிளேடால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

தெருவுக்குக் கைம்மாறாக முதலில் செய்து தரத் தோதானது தண்ணீர் டேங்க் அலாரம். இரண்டு பிசி547 டார்லிங்டனாக (ஒன்றின் எமிட்டர் அடுத்ததன் பேஸில்), முதல் பேஸுக்கு 10 கே, கலெக்டரில் 5 வோல்ட் பசர். தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். தண்ணீரைத் தொடும் முனைக்குச் செம்புக் கம்பியை விடாதீர்கள், பச்சை பூத்துச் சில மாதத்தில் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் இரண்டு போதும்.

அது கூவத் தொடங்கிய மறுநாள் மேலத்தெரு மாமா வருவார். “மாப்ள, வயல் மோட்டாரை போன்லேர்ந்து ஆன் பண்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு.” அது 415 வோல்ட் ஸ்டார்ட்டர். காபி கொடுத்து, மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வழி சொல்லி அனுப்புங்கள்.