கை வீக்கத்துக்கு வைத்தியம் தேடிய கதை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, ரேடியேஷன் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. இடது கை வீங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் அலைச்சலே தொடங்கியது.

முதலில் பார்த்த டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சிறுநீர் பிரிய மாத்திரை எழுதினார். அம்மா ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம். தேங்கியிருந்தது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நிணநீர், அதாவது உடம்பின் திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய நீர். மாத்திரை நீரை வெளியேற்றினாலும் புரதம் கையிலேயே தங்கி மறுபடி நீரைச் சேர்த்துக்கொள்ளும். நிணநீரைத் தள்ள இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதாலும் தசைகள் அசைவதாலும்தான் மேலே ஏறுகிறது. திரும்ப இறங்காதபடி வால்வுகள் தடுக்கும். கடைசியில் கழுத்தடியில் ரத்தத்தோடு கலந்துவிடும். அம்மாவுக்கு அக்குளில் அந்த நீரை வடிகட்டும் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டதால் பாதை பாதியில் நின்றுபோனது.

பிசியோதெரபிஸ்ட் எத்தனை கணுக்களை எடுத்தார்கள் என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. ரெக்கார்டு ரூமில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஃபைல் கீழே போயிடுச்சு, திங்கட்கிழமை வாங்க" என்றார். திங்கட்கிழமை போனால் அவர் லீவு! கடைசியில் லேபிலேயே பயாப்சி நம்பரைச் சொல்லி ரிப்போர்ட் நகல் வாங்கினேன். எண்ணிக்கை அதில்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே பயாப்சி ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

பிசியோ அம்மாவின் விரல் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தடித்துப்போன தோல் மடியவே இல்லை. "நிணநீர் வீக்கத்துக்கு இதுதாம்மா அடையாளம்" என்றார். அப்புறம் அடுக்கடுக்காகக் கட்டு, கட்டோடேயே விரல் பயிற்சி. மெடிக்கலில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது. அது ரொம்ப இழுபடும்.

வயிற்றெரிச்சல் கம்ப்ரஷன் ஸ்லீவில்தான் (வீக்கம் திரும்ப வராமல் கையை இறுக்கிப் பிடிக்கும் உறை). வீக்கம் வற்றுவதற்கு முன்பே கடைக்காரர் அளவெடுத்துக் கொடுத்துவிட்டார். கட்டு போட்டுக் கை இளைத்ததும் அது தொளதொளவென்று ஆகிவிட்டது. "அளவு பார்த்துத்தானே கொடுத்தோம், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். இன்சூரன்ஸும், அட்மிஷன் இல்லாத செலவு என்று கைவிரித்துவிட்டது. வீக்கம் வற்றி நின்ற பிறகு அளவெடுங்கள். துவைத்து மாற்ற இரண்டாக வாங்குங்கள்.

கை திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அது கிருமித்தொற்றாக இருக்கும். சின்னக் கீறல்கூட அதற்குப் போதும்.

புது ஸ்லீவை மாட்டுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறுகிறது. இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, பக்கத்து பெட்டில் இருந்த அக்காதான் சொன்னார்.