பூண்டு நசுக்கும்போது
பூண்டுப் பல்லைப் பலகையில் வைத்து, கத்தியின் அகலப் பக்கத்தால் ஓர் அழுத்து அழுத்தினேன். தோல் சட்டென்று விலகியது. அந்த நொடியிலேயே வாசம் எழுந்தது.

முழுப் பல்லாக இருக்கும்போது பூண்டுக்கு அவ்வளவாக வாசமே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அலியின் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து அலிசின் உண்டாகிறது. அதாவது நம் மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான வாசம் அப்போதுதான், நம் கைக்குக் கீழேதான் பிறக்கிறது.

எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

வெங்காயமும் அப்படித்தான். செல்கள் உடைவதால்தான் கண்ணைக் கரிக்கிற வாயு கிளம்புகிறது, கத்தி கூராக இருந்தால் நசுங்குவது குறையும், கண்ணீரும் குறையும்.

அப்புறம் அந்த நறுக்கும் சத்தம். கை மெல்ல ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, நாள் முழுக்க மனதுக்குள் ஓடிய பேச்சு எப்போது நின்றதென்றே தெரிவதில்லை. அதற்காகவே நான் அப்போது பாட்டுகூடப் போடுவதில்லை.

ஆனால் தினமும் ஒரே ஆளின் தலையில் இந்த வேலை விழுந்தால் அதில் என்ன ரசனை இருக்க முடியும்? அதனால் சொல்கிறேன், பட்டாணி உரிக்கும் நாளில் வீட்டில் எல்லோரையும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார வையுங்கள். பேச்சு எங்கெங்கோ போகும்.